பூரணம் அத்தையின் லிஃப்ட்

அன்று தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்.

கொல்கத்தாவிலிருந்து, அத்தையின் தெருக்காரர் மோன்டுதா பேசினார். முந்தைய நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூரணம் அத்தை எழுந்திருக்கவில்லை என்றார். சற்று நேரம் அழுதார். பிறகு, துக்க வேளையில் மனிதர்கள் கைக்கு அகப்படும் சின்ன விஷயம் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்களே, அதுபோல, கராஜ் லிஃப்டில் கார் மேலேயே நிற்கிறது, யாருக்கும் இறக்கத் தெரியவில்லை என்றார். அத்தையின் தம்பி மகன் ரவி பெங்களூரிலிருந்து வந்துவிட்டானாம். தெரு கிளப் இளைஞர்களைக் கூட்டிவந்து லிஃப்டின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தானாம். அசையவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது, கேஸ் கட்டர் வைத்து அறுத்துவிடலாம் என்கிறானாம்.

அறுக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த லிஃப்டை இறக்குவதற்கு முன் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் வேறு யாராவது இறக்கியிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. புவனேஸ்வரிலிருந்து மறுநாள் காலை ரயிலைப் பிடித்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அத்தையை வேறு விதமாக அறிந்திருப்பீர்கள். சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வெள்ளை அம்பாசிடரைத் தானே ஓட்டிவந்து, சமையலறைப் பக்கம் நிறுத்திவிட்டு, டிக்கியிலிருந்து பாத்திரங்களை இறக்குகிறவராக. பாலிகஞ்ச் வங்கிக் கிளையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று மொழிகளில் ஆட்களை வரிசையில் நிற்கச் சொல்கிறவராக. தெருவிலுள்ள வங்காளிகளுக்கு அவர் பூர்ணாதி, பூர்ணா அக்கா. எனக்கு அத்தை. இரத்த உறவு எதுவும் கிடையாது. அவரும் என் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கம் என்பதாலும், அவர் கணவர் சிவஞானம் மாமாவும் என் அப்பாவும் துறைமுகத்தில் ஒரே அலுவலகம் என்பதாலும் வந்த உறவு.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாயிற்று. துறைமுகத்துக்காரர்கள் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குத்தான் போவார்கள். நான் அப்போதுதான் ஜாதவ்பூரில் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரை விட்டுவிட்டு, விடுமுறைக்கு மட்டும் போய்வந்த ஊருக்குப் போக மனம் வரவில்லை. எங்கள் டாக்குரியா வீட்டின் மெஸனைன் அறை காலியாகத்தான் கிடக்கிறது, அவள் இங்கே இருக்கட்டும் என்று அத்தை அம்மாவிடம் சொன்னார்.

தென் கொல்கத்தாவின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று தெரியும். கீழே தெருவோடு ஒட்டிக் கராஜ். மாடியில் வீடு. மாடிப்படி திரும்புகிற இடத்தில், கராஜுக்கு மேல், குள்ளமாக ஓர் அறை. என் அறையின் தரைதான் கராஜின் கூரை. உயரமானவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். நான் உயரமில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள், ரயில் பாதையைப் பார்க்கும் ஒரு ஜன்னல். எனக்கென்று ஒரு கதவு இருந்தது அதுவே முதல்முறை. கராஜில் யார் பேசினாலும் மேலே தெளிவாகக் கேட்கும் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை நான் கீழே யாரிடமும் சொல்லவில்லை.

மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வழி சொல்லத் தெரியும். "அடுத்த ரைட்டு எடு, பூரணம்" என்று அந்த வளைவு கடந்த பிறகு சொல்வார். அத்தை தனக்குத் தெரிந்த வழியில் போவார். நான் போன இரண்டாம் வருஷம் மாமாவின் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்றானது. பைபாஸ் பக்கத்து மருத்துவமனை. அத்தை வங்கியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கார் ஓட வேண்டியது மாமாவுக்காக. அந்த வீட்டில் வேறு எது நின்றாலும் பரவாயில்லை, கார் நிற்கக் கூடாது.

ஆனால் எங்கள் சந்து தாழ்வு. பெரிய ரோட்டில் கணுக்கால் அளவு என்றால் எங்கள் வாசலில் முழங்கால். மழைக்காலம் வந்தால் கீழ்த்தளத்துக்காரர்கள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துவிடுவார்கள். துர்கா பூஜை முடிந்துதான் எடுப்பார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. குடையை எடுத்து வைப்பதைப் போல ஒரு காரியம். அத்தையின் யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. "கட்டிலுக்குச் செங்கல் வைக்கோம். காருக்கு வைக்கக் கூடாதா?" என்றார்.

வைத்தார். ஜாக்கியால் ஒவ்வொரு மூலையாக உயர்த்தி, சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி, கல்லில் ஏற்றிய கட்டிலைப்போலக் காரை நிறுத்தினார். மாமா படியில் நின்று, "கொஞ்சம் லெஃப்டுல, கொஞ்சம் லெஃப்டுல" என்றார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்து, அடியில் இருந்த ஒரு செங்கல் ஊறிப் பொடிந்துவிட்டது போலிருக்கிறது. என் கட்டிலுக்குக் கீழே இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்கள் சரிந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்குத் தண்ணீரில் இருந்தது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டில்னா படுக்கணும்லா, அதான் படுத்துட்டு" என்றார். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த நாள் டயாலிசிஸ்.

டாக்சி எதுவும் சந்துக்குள் வர மறுத்தது. கடைசியில் மோன்டுதா ஒரு கை ரிக்‌ஷாவைப் பிடித்து வந்தார். மோன்டுதா எதிர்வீட்டுக்காரர். வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் ஒரு பக்கமும், அத்தை மறு பக்கமும் தண்ணீரில் நடக்க, மாமா நடுவே உயரத்தில் உட்கார்ந்து போனார். பெரிய ரோட்டை அடைந்து, வண்டி மாறி, மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் நேரம் தப்பிவிட்டது. அன்று முறை கிடைக்கவில்லை. அடுத்த நாள் கிடைப்பதற்குள் முகமும் காலும் வீங்கி, மூச்சுக்குத் திணறினார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். அத்தையை அப்படிப் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கார் மெக்கானிக்கிடமிருந்து திரும்பிவர மழைக்காலமே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் லிஃப்ட். பட்டறைகளில் காரைத் தூக்கி நிறுத்துவார்களே, அது. வீட்டுக் கராஜில் ஒன்றை வைக்கப் போகிறேன் என்று அத்தை சொன்னபோது மாமா ரொம்பக் கேலி செய்தார். "நம்ம வீட்டுல காருக்கு லிஃப்ட்டு. எனக்கு மாடிப்படி" என்பார், வருகிறவர்களிடமெல்லாம்.

அத்தை புடவை எடுக்கப் போனாலும் முதல் கடையிலேயே எடுத்துவிடுகிற ஆள். லிஃப்ட் விஷயத்தில் அப்படி இல்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பட்டறை பட்டறையாகப் போய் நின்று பார்த்தார். கிரீஸ் கறையோடு வந்து சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொல்வார். இரண்டு தூண் லிஃப்டுக்குத் தரையில் ஆழமாகக் கான்கிரீட் வேண்டும். நம்முடையது செங்கல் மேல் பூசிய பழைய தரை, தூண் பிடுங்கிக்கொள்ளும். கத்தரிக்கோல் மாதிரி மடங்குவது ஒன்று உண்டு. அழகாக இருக்கிறது, ஆனால் அதன் மோட்டார் தரையோடு கிடக்கிறது. காருக்கு முன்னால் அதுதான் முங்கும். நான்கு தூண் உள்ளதுதான் சரி. நீளமான இரண்டு இரும்புப் பலகை மேல் காரை ஓட்டி நிறுத்திவிடலாம். பாரம் நான்கு மூலைக்கும் பிரிந்து இறங்கும். மோட்டாரைச் சுவரில் மேலே வைத்துக்கொள்ளலாம்.

எந்த விற்பனையாளரிடமும் அவர் முதலில் கேட்ட கேள்வி, கரண்ட் இல்லாதபோது என்ன செய்வது என்பது. தண்ணீர் ஏறினால் எங்கள் பகுதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பலர் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூடப்போகிற பட்டறை ஒன்றிலிருந்து பழையது ஒன்றை விற்றுக்கொடுக்க வந்த தரகர்தான் அதில் கை பம்பும் இருப்பதாகச் சொன்னார். அத்தைக்கு அது பிடித்துவிட்டது.

நான் அப்போது எம்.ஏ. முடித்து, அங்கேயே ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். அந்தத் தரகர் கராஜைப் பார்க்க வந்த அன்று மேலே படித்துக்கொண்டிருந்தேன். அளவு நாடா இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். வங்காளியில் சொன்னார். கூரை தாழ்வாக இருக்கிறது, இடுப்பளவுக்கு மேல் கார் ஏறாது. மேலே உள்ள அறையை எடுத்துவிட்டால் ஆள் உயரத்துக்கு ஏற்றலாம். எப்பேர்ப்பட்ட வெள்ளத்துக்கும் பயமில்லை. அடியில் இன்னொரு காரும் நிற்கும். அறையில் யார் இருக்கிறார்கள்?

அத்தை, "ஒரு பெண் இருக்கிறாள்" என்றார்.

சொந்தக்காரப் பெண்ணா என்று கேட்டார் தரகர். அதற்கு அத்தை சொன்ன பதில், அந்த நேரம் பார்த்து ஓடிய லோக்கல் ரயிலில் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. அதை நான் பின்னாலும் தெரிந்துகொள்ளவில்லை.

அவர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. ஒருமுறை இந்தச் சந்தில் மார்பளவு தண்ணீர் வந்தது என்று மோன்டுதா சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் மாமாவின் மூச்சு. மறு பக்கம் நான் உட்கார்ந்து படிக்கிற ஓர் இடம். இதில் யோசிக்க எதுவும் இல்லை. அத்தைக்கு வாயைத் திறந்து சொல்லும் சங்கடம் இருக்கக் கூடாதென்று நினைத்தேன். அடுத்த நாள் கடைத்தெருவில் சணல் கயிறு வாங்கிவந்து புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தேன். விடுதியில் இடம் கிடைக்காதென்று தெரியும். தூத்துக்குடிக்குப் போவதென்றால் படிப்பு அவ்வளவுதான். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கட்டாகக் கட்டினேன்.

சாயங்காலம் அத்தை காப்பி கொண்டுவந்தார். அந்தக் கட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார், ஒரு நொடிதான். என் சத்தமும் கீழே கேட்கும், கீழ்ச் சத்தமும் மேலே கேட்கும் என்று அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"எதுக்குட்டி புஸ்தகத்தையெல்லாம் கட்டி வச்சிருக்க? தண்ணி கீழதான வரும்" என்றார்.

காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு கட்டின் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போனார். அறையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். முந்தைய நாளே வாசலில் தரகரிடம், "நான் என்ன மெக்கானிக்கா, காருக்கு அடியில நின்னு அண்ணாந்து பாக்க? தண்ணி தொடாம இருந்தாப் போதும், இடுப்பு உசரம் போதும்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவர் விழிப்பதைப் பார்த்து வங்காளியிலும் சொன்னாராம். மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லிஃப்ட் வந்தது. கராஜின் நான்கு மூலையிலும் பச்சைத் தூண்கள். தெருவே வந்து பார்த்தது. அதை இயக்க ஒரு முறை வைத்திருந்தார் அத்தை. கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவார். பிறகு குனிந்து காருக்கு அடியில் பார்த்து உரக்கக் கேட்பார்: "யாராச்சும் இருக்கியளா? கேவு ஆச்சே? கோயி ஹை?" கராஜில் குட்டி போடும் பூனை ஒன்று இருந்தது. கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளைகளும் ஒளிந்துகொள்வார்கள். அதற்காகத் தொடங்கியது. பூனைக்கு எந்த மொழி தெரியும் என்று மாமா கேட்டார். "தெரியாதுல்லா, அதான் மூணுலயும் கேக்கேன்" என்றார் அத்தை. பதில் வராது. ஆனாலும் பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பார்.

பிறகு பட்டனை அழுத்துவார். நான் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். ஒவ்வொரு தூணிலும் ஒரு கொக்கி உண்டு. பலகைகள் ஏற ஏற அந்தக் கொக்கி டக்கென்று பள்ளத்தில் விழும். நான்கும் விழுந்துவிட்டதா என்று பார்த்து நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் அவர் கையை எடுப்பார். பாரம் முழுவதும் அந்தக் கொக்கிகள் மேல்தான் உட்காரும். இறக்கும்போது அதனால்தான் முதலில் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கிறது. பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் வரை கொக்கி விலகாது. இழுத்தால் உடைந்தாலும் உடையுமே தவிர, நகராது. "இறக்கணும்னா முதல்ல கொஞ்சம் ஏத்தணும், பாத்துக்கோ" என்பார் ஒவ்வொரு தடவையும், நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று தெரிந்தும்.

வானொலியில் தாழ்வு மண்டலம் என்று சொன்னாலே ஏற்றிவிடுவார். ஒரு துளி விழுந்திருக்காது. தெருவில் யாராவது சிரித்தால், மழை வந்த பிறகு செய்வதற்குப் பெயர் ஏற்றுவது இல்லை, காப்பாற்றுவது என்பார். லிஃப்டுக்குப் பூஜை வைப்பதில் ஒரு சிறு தகராறு வந்தது. இயந்திரமென்றால் விஸ்வகர்மா பூஜைக்குத்தான் என்றார் மோன்டுதா. ஆயுத பூஜைக்குத்தான் என்றார் அத்தை. கடைசியில் இரண்டுக்கும் மாலை விழுந்தது. மாமா, "எனக்கு ஒரு பூஜையும் கெடயாது" என்றார்.

பெரிய மழை, லிஃப்ட் வந்ததற்கு அடுத்த ஆண்டு வந்தது. முந்தைய நாளே காரை ஏற்றியாயிற்று. விடியும்போது சந்தில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் போய்விட்டது. மோன்டுதா தலைமேல் ஹார்மோனியத்தைச் சுமந்துகொண்டு எதிர்வீட்டிலிருந்து வந்தார். அவர் வீட்டில் தண்ணீர் கட்டில் செங்கலையும் தாண்டிவிட்டதாம். அத்தை கார்க் கதவைத் திறந்து, ஹார்மோனியத்தைப் பின் சீட்டில் வைக்கச் சொன்னார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அரிசி மூட்டையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளும், ஒரு தையல் இயந்திரமும் கொண்டுவந்து பலகைகளின் மேல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்தார்கள். அத்தை ஒன்றையும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆட்கள் மட்டும் யாரும் ஏறக் கூடாது என்றார்.

மழை நிற்கவில்லை. நானும் அத்தையும் மாடிப்படியில், என் அறை வாசலுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஒவ்வொரு படியாக எங்களை நோக்கி வந்தது. மதியத்துக்கு மேல் அது இரும்புப் பலகைகளுக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறினால் பலகை. அதற்கு மேல் ஏறினால் பிரேக், பிறகு இன்ஜின். அடுத்த நாள் டயாலிசிஸ். காரின் கூரையைப் பார்த்தேன். அதற்கும் கராஜின் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. அந்தக் கூரைக்கு மேல் என் கட்டிலும் மேசையும்.

மேலேயிருந்து மாமா, "என்ன நிலவரம்?" என்று கேட்டார்.

"நீங்க டிரான்சிஸ்டரக் கேளுங்க" என்றார் அத்தை.

"அதுல நம்ம கராஜப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரலில் மூச்சு வாங்கியது. எங்கள் இருவருக்கும் கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அறையை எடுத்திருக்கலாம் என்று சொல்வதா, அன்று எல்லாம் கேட்டேன் என்று சொல்வதா?

அத்தை தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மூஞ்சிய ஏன்ட்டி அப்படி வச்சிருக்க? எத எவ்வளவு உசரத்துல வைக்கணும்னு யோசிச்சுத்தான் வச்சேன். முங்கினா அது எம் பாடு. நீ போயி மாமாவுக்குக் கஞ்சி வச்சுக் குடு, தண்ணி அதிகம் ஊத்தாத."

டயாலிசிஸ்காரருக்கு அளந்துதான் நீர். கஞ்சியைக் கெட்டியாக வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அத்தை அதே படியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பலகையின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே வெகு நேரம் நின்றது. ஒரு செருப்பு மிதந்து வந்து, தூணில் முட்டி, திரும்பிப் போனது. இருட்டத் தொடங்கியபோது அத்தை ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தார். அப்போதுதான் தண்ணீர் இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது.

காலையில் சந்தில் கணுக்கால் அளவுதான் இருந்தது. அக்கம்பக்கத்தார் பலகைகளிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். அத்தை மூன்று மொழியிலும் கேட்டார். மின்சாரம் இல்லை. கை பம்பை நான் அடித்தேன். பலகைகள் ஒரு விரல் உயர்ந்தன. நான்கு கொக்கியும் விலகின. அவர் கைப்பிடியை மெதுவாக அழுத்த, கார் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வந்து நின்றது. பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே பிடித்தது. மாமா முன் சீட்டில். மோன்டுதா வீட்டில் ஹார்மோனியத்தை இறக்கிவைக்க இன்னும் உலர்ந்த இடம் இல்லாததால் நான் அதைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில். சந்து திரும்பும் இடத்தில் மாமா, "ரைட்டு எடு" என்றார். சரியான நேரத்தில் சொன்னார். அத்தை, "சரிங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மாமா அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். கடைசி ஆயுத பூஜையின்போது ஒரு ஆசை கேட்டார், காருக்குள் உட்கார்ந்தபடி ஒரு தடவை மேலே போய்வர வேண்டுமென்று. ஆட்கள் ஏறக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பான சட்டம். அவர் சக்கரக் கட்டைகளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, போய் உட்காருங்கள் என்றார். மாமா முன் சீட்டில், தனக்குத் தெரியாத ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். கழுத்தில் லிஃப்டின் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பு உயரம்தான். அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "வழி சொல்லட்டுமா?" என்று கேட்டார். அத்தை பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. நான் கொக்கிகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்து புவனேஸ்வரில் கல்லூரி வேலை கிடைத்து நான் போன பிறகு, வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு போன் வரும். "ஏத்தியாச்சுட்டி" என்பார். எதிர்ப்பக்கம் யார் நின்றார்கள் என்று கேட்பேன். தானே சுற்றிப் போய்ப் பார்த்துக்கொண்டதாகச் சொல்வார். மாமா போன பிறகு அந்தக் காருக்கு அவ்வளவு அவசியம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தெருவில் பிரசவம், மாரடைப்பு, கால் முறிவு எதற்கும் முதலில் தட்டப்படுவது பூர்ணாதி கதவுதான். மழைநாளில் அந்தச் சந்தில் நிச்சயமாகக் கிளம்பும் கார் அது ஒன்றுதான். இந்த ஜூனிலும் போன் வந்தது. நான் ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் பேசுகிறேன் அத்தை என்றேன். "பேசு, பேசு. ஏத்தியாச்சு, அதச் சொல்லத்தான்" என்று வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எரியூட்டல் முடிந்திருந்தது. ரவி நல்ல பையன். களைத்திருந்தான். வீட்டை என்ன செய்வதென்று பிறகு யோசிக்க வேண்டும், காரை வாங்க ஒருவர் அன்று மாலை வருகிறார், அதற்குள் இறக்கிவிட்டால் போதும் என்றான். மெஸனைன் அறையைத் திறந்து பார்த்தேன். கட்டில் அங்கேயே இருந்தது. நான் விட்டுப்போன புத்தகங்கள் சுவரோரம் இருந்தன. கட்டுப் போடாமல் அடுக்கியிருந்தன.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது எது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் மாலையில் நூலகத்தைப் பூட்டும் முறை எனக்கு வரும் நாட்களில், விளக்கை அணைக்குமுன் அலமாரிகளுக்கிடையே நின்று, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பேன். தமிழில், வங்காளியில், இந்தியில். இப்போது ஒடியாவிலும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நிற்கும் நேரம் அவருடையது. ஒருவருக்காக ஒன்றைச் செய்துவிட்டு, அதை அவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் அவரிடம் இருந்தது. அது எனக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கராஜில் மோன்டுதாவை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னேன். குனிந்து காருக்கு அடியில் பார்த்து மூன்று மொழியிலும் கேட்டேன். மோன்டுதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டனை அழுத்தி ஒரு விரல் உயரத்துக்கு ஏற்றினேன். நான்கு கொக்கியும் விலகின. "இவ்வளவுதானா?" என்றான் ரவி. இவ்வளவுதான் என்றேன். கைப்பிடியை மெதுவாக அழுத்தினேன். கார் இறங்கியது. பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். பிடித்தது.

மாலையில் மழை கொட்டியது. காரை வாங்க வருவதாக இருந்தவர், சந்து முனையில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போன் செய்தார். மோன்டுதா ஹார்மோனியத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். காரை மறுபடியும் ஏற்றினோம்.